மேக நிழலைக் குளமென்று எழுதினேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி அழைத்தபோது முதலில் தயங்கினேன். நீங்கள் கையாளும் மென்பொருள்களில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இணையத்திலிருந்து இறக்கி, ஒரு வரி தட்டி, தேநீர் ஆறுவதற்குள் நிறுவி முடித்துவிடுகிறீர்கள். அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நான் சொல்ல வந்தது, என் கையெழுத்தோடு மாவட்டக் கூட்டத்துக்குப் போகவிருந்த ஒரு தவறைப் பற்றி.

எண்பதுகளின் கடைசி அது. சென்னையில் புவியியல் படித்துவிட்டு, குளங்களைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்து, தென்காசிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான், காதர். அவ்வளவுதான்.

காதர் தென்காசிக்காரர், என் வயதுதான். வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் நான்கு வருடம் கணினி இயக்கிவிட்டு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியவர். பஜாரில் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரைத் தினக்கூலியில் எடுத்திருந்தார்கள். அந்த மாடியில் நிஜமாகவே கணினி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தை நகரத்துக் கணினி மையத்தில் சிறு துண்டுகளாக்கி, ஃப்ளாப்பிகளில் எங்களுக்கு அனுப்புவார்கள். படம் என்றால் கண்ணால் பார்க்கும் படம் அல்ல. வரிசை வரிசையாக எண்கள். ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்துக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு எண். தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் அதன் எண் சிறியது. பயிரும் மேகமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவற்றின் எண் பெரியது. இந்த எண்களைப் படித்து, எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும். விலைக்கு வாங்க எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று மூல நிரலோடு விட்டிருந்த புரோகிராமைப் பிரதி எடுத்து மூன்று ஃப்ளாப்பிகளில் அனுப்பினார். இன்று நீங்கள் திறமூலம் என்கிறீர்களே, அது எங்களுக்குத் தபாலில் வந்தது.

வேறு ஒரு பெரிய இயந்திரத்துக்காக எழுதப்பட்ட நிரல் அது. எங்கள் கணினியில் ஏற மறுத்தது. கோப்பு பெரிதாக இருந்ததால் திரையில் ஓடவிட்டுப் படிக்க முடிந்ததே தவிர, திருத்துவதற்குத் திறக்க முடியவில்லை. நிரலின் நடுநடுவே அதை எழுதியவர் நீள நீளமாகக் குறிப்புகள் எழுதியிருந்தார். கடிதம் எழுதுவதுபோல, இங்கே ஏன் இப்படிச் செய்தேன், அங்கே எது எனக்கு நிச்சயமில்லை என்றெல்லாம். காதர் அவற்றை ரசித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இவரு நல்ல மனுசரா இருக்காரு. நம்மகூட உக்காந்து பேசுத மாதிரில்லா எழுதியிருக்காரு" என்றார்.

"பேச்செல்லாம் கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை, காதர். குறிப்புகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். கோப்பு சின்னதாகிவிடும்" என்றேன்.

அவர் முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் குறிப்புகளை வெட்டினார். மூல ஃப்ளாப்பிகளை மட்டும் அரிசி போட்ட ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடினார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் சுவர்கூட வேர்க்கும். ஃப்ளாப்பியில் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒருவழியாக ஓடவிட்டோம். தண்ணீர் என்றால் நட்சத்திரக் குறி, தரை என்றால் புள்ளி, மேகம் என்றால் வெற்றிடம் என்று பிரிண்டர் அடிக்கும். முதல் தாள் வெளியே வந்தது. தாள் முழுக்க நட்சத்திரம்.

காதர் தாளைத் தூக்கிப் பிடித்து, "மேடம், தென்காசியே முங்கிப்போச்சு" என்றார்.

சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்து தேடினோம். ஒரு அளவுக்கு மேல் போன எண்களை எங்கள் கணினி கழித்தல் குறி போட்டு வாசித்துக்கொண்டிருந்தது. பச்சைப் பயிரெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே போய், தண்ணீராகிவிட்டது. நிரல் எங்கள் கையில் இருந்ததால் அந்த வரியைக் கண்டுபிடித்து மாற்ற முடிந்தது. மறுபடி அடித்தோம். இப்போது குளங்கள் குளங்களாக வந்தன. கரையின் வளைவுகூடத் தெரிந்தது. தாள்களை ஒட்டி நடைக்கூடத் தரையில் விரித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. தென்காசியையே மூழ்கடித்த தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. அதைத் திருத்திவிட்டதாலேயே மிச்சமெல்லாம் சரி என்று நம்பிவிட்டேன். நாலு குளத்தை நேரில் போய்ப் பார்த்து ஒப்பிட்டிருக்க வேண்டும். போகவில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, பாசனப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு காரியம் இருந்தது. ஆடி மாதப் படத்தில் எந்தக் குளங்கள் நிரம்பவில்லையோ, அவற்றின் வரத்துக் கால்வாய்களை ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டித் தூர்வாருவதாகத் திட்டம். நிரம்பியதாகப் பட்டியலில் இருக்கும் குளத்துக்கு வேலை கிடையாது. கால்வாய் அடைபட்டுக் கிடந்தால் மழைத் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் அந்தக் குளத்தை நம்பியிருப்பவர்களுக்கு, மழைத் தண்ணீரில் விளையும் பிசான நெல் கிடையாது. திங்கட்கிழமை மாவட்டக் கூட்டத்தில் பட்டியலை முடிவு செய்வதாக இருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். அச்சன்புதூர்ப் பக்கம் ஆலடிக்குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் பயிர் செய்பவர். பெயர் பேச்சியம்மாள். பொறியாளர் அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு, அவர்கள் எங்களைக் கைகாட்டிவிட, நேராக இங்கே வந்திருக்கிறார்.

"எங்க குளம் நெறஞ்சு கெடக்குன்னு எழுதுனது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"எங்க குளத்துக்குள்ள பயலுவ கிரிக்கெட்டு ஆடுதானுவ. நீங்க தண்ணி கெடக்குங்கீய."

எனக்குச் சட்டென்று ஒரு பதில் கிடைத்தது. நல்ல பதில்தான், அதுதான் ஆபத்து. "அம்மா, இது போன மாதத்துப் படம். ஆடியில் எடுத்தது. அன்றைக்குத் தண்ணீர் இருந்து, பிறகு வற்றியிருக்கலாம்."

"ஆடியில என்னைக்கு?"

காதர் ஃப்ளாப்பி உறையில் இருந்த தேதியைப் பார்த்தார். "ஆடி அமாவாசை அன்னைக்கு, அக்கா. காலைல பத்து மணி வாக்குல."

பேச்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய், இப்போது எனக்குப் புரியவைக்க வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் வந்திருந்தது.

"அமாவாசைக்கு விடியமுன்ன குத்தாலத்துல முங்கிட்டு, எங்கய்யாவுக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு, பத்து மணிக்கெல்லாம் ஊருக்குத் திரும்பிட்டோம். பஸ்ஸ விட்டு எறங்கி, சுத்திப் போவ முடியாதுன்னு குளத்துக்குள்ள கூடித்தான் நடந்து போனோம். செருப்புல சகதிகூட ஒட்டல. வெயிலு அடிக்கதும் மறையதுமா இருந்துது. மலையில இருந்து மேகம் அது பாட்டுக்கு வந்துட்டே கெடந்துது. நடுக்குளத்துல வாரப்ப இருட்டிட்டு வந்துது, மழைதான் வருதுன்னு எட்டி நடந்தோம். ஒண்ணும் பெய்யல."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மேகத்தை வெற்றிடமாக விட நிரலுக்குத் தெரியும். மேகத்தின் நிழலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நிழலும் இருட்டு, தண்ணீரும் இருட்டு. இரண்டுக்கும் எண் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காதர் எழுந்து போய்த் தகர டப்பாவைத் திறந்தார். மூல ஃப்ளாப்பியைப் போட்டு, தண்ணீரைப் பிரிக்கும் பகுதியைத் திரையில் கொண்டுவந்தார். நான் வெட்டச் சொன்ன குறிப்பு அங்கே இருந்தது. அதன் பொருளைத் தமிழில் சொல்கிறேன்: இந்தப் பகுதிக்கு நிழலையும் நீரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, எனக்கும் வழி தெரியவில்லை, மலையோ மேகமோ இருக்கும் இடமானால் அங்கே போய்ப் பாருங்கள், உங்களுக்கு வழி கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

கடல்களுக்கு அப்பால், நாங்கள் பார்த்தே இராத ஒரு மனிதர், தனக்குத் தெரியாததை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். நான் அதை இடத்தை அடைக்கிறது என்று வெட்டியிருக்கிறேன். காதர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "எனக்கும் அப்ப இது கண்ணுல படல மேடம்" என்று மட்டும் சொன்னார்.

தரையில் ஒட்டி வைத்திருந்த தாளின் மேல் டிரேஸிங் தாளை விரித்தேன். மேகம் விழுந்த வெற்றிடங்களின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்தேன். காலைச் சூரியன் கிழக்கே, அப்படியானால் நிழல் மேற்கே விழ வேண்டும். டிரேஸிங் தாளை மேற்குப் பக்கமாக மெல்ல நகர்த்தினேன். ஒரு விரற்கடை நகர்ந்ததும், மேகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நட்சத்திரக் கூட்டங்களின் மேல் போய் உட்கார்ந்தன. ஆலடிக்குளத்தின் மேல் உட்கார்ந்த மேகம் அச்சு வார்த்ததுபோலப் பொருந்தியது.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுதான் அந்த மேகமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. இதற்குக் கீழேதான் நீங்கள் நடந்திருக்கிறீர்கள்."

ஆலடிக்குளத்தோடு சேர்த்து ஏழு குளங்கள் நிழலுக்குள் இருந்தன. பொறியாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பாளையங்கோட்டைக்காரர். கெட்ட மனிதர் இல்லை, வேலை முடிய வேண்டும் அவருக்கு.

"அந்தம்மா வந்து சொன்ன குளத்த மட்டும் மாத்திக் குடுத்திருங்க. மத்ததுக்கு யாரும் வரலல்லா? இப்பப் போயி மொத்தப் பட்டியலும் சந்தேகம்னு சொன்னீயன்னா, இந்தக் கம்ப்யூட்டர் வேலையே வேண்டாம்னு மேல எழுதிருவாங்க. ரெண்டு வருசமா அலைஞ்சு வாங்குன திட்டம் இது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையாகவே யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. திட்டம் போனால் காதருக்கு வேலை போகும், எனக்கும் அவமானம். ஒரு வரியை மாற்றினால் பேச்சியம்மாளும் சந்தோஷமாகப் போய்விடுவார். மிச்ச ஆறு குளங்களில் எதில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்கே தெரியாது. ஒருவேளை எல்லாம் நிரம்பியே இருக்கலாம். அப்படி இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைக் கவனித்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என் வேலை இல்லை, இருக்கிறதா என்று சொல்வதுதான் வேலை.

"காதர், நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வேலை இருக்கிறது" என்றேன்.

"தெரியும் மேடம். மொபெட்டுக்கு பெட்ரோல் போட்டாச்சு."

ஜீப் கிடைக்கவில்லை. வீரகேரளம்புதூர் சாலைப் பக்கம் இருந்த நான்கு குளங்களைக் காதர் எடுத்துக்கொண்டார். பண்பொழிப் பக்கத்து இரண்டையும் ஆலடிக்குளத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை அச்சன்புதூர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கியபோது பேச்சியம்மாள் குடையோடு நின்றுகொண்டிருந்தார். "ஒத்தையில எந்தக் குளம் எங்கன இருக்குன்னு தேடிட்டுத் திரிவீய. நானும் வாரேன்" என்றார். ஆலடிக்குளத்துக்குள் ஸ்டம்புக்குக் குச்சி நட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த குளமும் காய்ந்து கிடந்தது. பண்பொழிக்கு அப்பால் மலையடிவாரத்துக் குளத்தின் கரையில் ஏறியபோது எதிர்பாராமல் தண்ணீர். தளும்பத் தளும்ப நின்றது. திருமலைக் கோயில் குன்று அதில் தலைகீழாகத் தெரிந்தது.

நிழல் பட்டதாலேயே அதைக் காய்ந்த குளம் என்று மாற்றி எழுதியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். அந்தக் கரையில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. தண்ணீர், தரை, மேகம் என்று மூன்று குறிகள் வைத்திருந்தோம். நான்காவதாக ஒன்று வேண்டும். தெரியவில்லை என்பதற்கு ஒரு குறி.

ஞாயிற்றுக்கிழமை மாலை காதர் புழுதியோடு வந்து சேர்ந்தார். அவர் பார்த்த நான்கில் மூன்று காய்ந்தவை, ஒன்றில் தண்ணீர். ஆக, ஏழில் ஐந்து குளங்களைத் தவறாக எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பொறியாளரின் அறைக்குப் போய்ப் புதிய பட்டியலை வைத்தேன். அவர் படித்தார். முகம் சிவந்தது.

"நான் உங்க கையெழுத்த நம்பித்தான் என் கையெழுத்தப் போட்டேன்."

"தெரியும் சார். அதனால்தான் வந்தேன்."

பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு, "கூட்டத்துக்கு வாங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்றார்.

இருபது ஆண்கள் அமர்ந்திருந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். என்ன செய்தோம், எங்கே தவறினேன், யார் வந்து சொன்னார், எப்படிச் சரிபார்த்தோம் என்று வரிசையாகச் சொன்னேன். ஒருவர், "ஆகாசத்துல ஏறி நின்னு பாத்தும் குளம் தெரியலயாக்கும்!" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம், எனக்கு வரவில்லை. சிரிப்பு அடங்கியதும் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மத்த எந்தப் பட்டியலையும், போட்டவங்களே வந்து தப்புன்னு இதுவரை சொன்னதில்ல. இதுல சொல்லியிருக்காங்க. அதனால இந்தப் பட்டியல நான் நம்புதேன்" என்றார்.

ஐந்து குளங்களும் சேர்க்கப்பட்டன. திட்டமும் தப்பித்தது.

அந்த மாதம் முழுக்கக் காதர் நிரலோடு உட்கார்ந்தார். நான் டிரேஸிங் தாளில் கையால் செய்ததை, மேகத்தை நகர்த்திப் பார்த்து நிழல் விழும் இடங்களில் கேள்விக்குறி போடும்படி அவர் நிரலாக எழுதினார். வெட்டிய குறிப்புகளையெல்லாம் பழையபடி சேர்த்தோம். கோப்பு பெரிதாகிறதே என்பதற்கு, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முதலிலேயே யோசித்திருந்தால் அப்போதே கிடைத்திருக்கும் வழிதான். அவருடைய பகுதிக்கு மேலே என்னையும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். இது காலை நேரப் படங்களுக்கு மட்டும் பொருந்தும், மலையின் நிழலை இது கண்டுபிடிக்காது, மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இதற்குத் தெரியாது, நகர்த்தும் தூரத்தை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். ஃப்ளாப்பியில் பிரதி எடுத்துப் பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினோம். அவர் அதை, மூல நிரலை எழுதியவருக்கே அனுப்பிவைத்தார். அடுத்த கோடையில் புதிய பதிப்பு வந்தபோது காதரின் வரிகள் அதில் இருந்தன, என் குறிப்பு ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. காதர் அன்று பஜாரில் இருந்து அல்வா வாங்கி வந்தார்.

அதற்கு முன்னால், அந்த வருஷத்து ஐப்பசியும் கார்த்திகையும் நன்றாகவே பெய்தன. தை பிறந்த பிறகு ஒரு நாள் பேச்சியம்மாள் மறுபடி மாடியேறி வந்தார். இந்த முறை படியேறும்போதே எங்களைக் கூப்பிடும் குரல் கேட்டது. மேகமில்லாத மார்கழி நாளொன்றில் எடுத்த படம் அப்போதுதான் வந்து, அச்சடித்துத் தரையில் விரித்திருந்தோம். ஆலடிக்குளம் எங்கே என்று கேட்டார். காட்டினேன். கரைக்குக் கரை நட்சத்திரம். பக்கத்திலேயே குந்தி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"இதுல எங்க வீடு எங்கன இருக்கு?"

"வீடு தெரியாதும்மா. ஒரு புள்ளிக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும்."

"வீடு தெரியாட்டா என்ன. குளம் தெரியுதுல்லா" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இந்தத் தாள நான் கொண்டுட்டுப் போவட்டா? எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டணும். பயலுவகிட்டயும் காட்டணும், இனி வெளையாட எடம் கெடையாதுலேன்னு" என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைச் சேலை மடிப்பதுபோல நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அச்சன்புதூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

காதர் வெறும் தரையைப் பார்த்தார். "மேடம், நாளைக்கு பொறியாளருக்கு அனுப்ப வேண்டிய தாளுல்லா அது. வேற பிரதி நம்மகிட்ட இல்ல."

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். காதர் சிரித்துக்கொண்டே பிரிண்டரில் புதுத் தாளைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.